ஒரு வரித் திருத்தம்

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கம்மா. ஒருத்தி பெங்களூர்லேர்ந்து பஸ் மாறி பஸ் மாறி, மன்னிப்புக் கேக்கணும்னே கிளம்பி வர்றா. அவள உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு, சோறு போட்டு, மோர் ஊத்தி, எல்லாம் செஞ்சிட்டு, சொல்ல வந்தத மட்டும் சொல்ல விடாம திருப்பி அனுப்பினா அது நியாயமா?

மூட்டைய இந்தப் பக்கமே வைங்க, என் கால்ல பட்டா பரவால்ல. எலுமிச்சையா? வாசனை வருது. நீங்களும் புளியங்குடியிலதான ஏறினீங்க. ராஜபாளையம் வரைக்குமா? சரி. நான் மதுரை போய், அங்கேர்ந்து பெங்களூர்.

நான் பாக்க வந்தவ பேரு பேச்சியம்மாள். அவங்கப்பா உங்க ஊரு எலுமிச்சை மார்க்கெட்ல ஏலம் கூப்பிட்டவரு. இப்ப இல்ல. ஏலம் கூப்பிடறவங்க நிறைய பேரு இருப்பாங்க, ஆமா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. நாங்க ரெண்டு பேரும் மெட்ராஸ்ல யுனிவர்சிட்டியில ஒண்ணா படிச்சோம். ஒரே ரூம். நிதிக் கணிதம்னு எம்.எஸ்சி. பங்குச் சந்தையில விலை ஏறுது, இறங்குது இல்லையா, அதைக் கணக்கா எழுதற படிப்பு. மனுஷன் உக்காந்து வாங்கி விக்க மாட்டான். நாம எழுதற ப்ரோகிராம்தான் வாங்கும், விக்கும். எப்ப வாங்கணும், எப்ப விக்கணும்னு அதுக்குச் சொல்லிக் கொடுக்கறதுதான் படிப்பு.

மொத நாள் ஞானசிகாமணி சார் வகுப்பு. விலைங்கறது குடிச்சிட்டு நடக்கிறவன் மாதிரி, அடுத்த அடிய எங்க வைப்பான்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னாரு. எல்லாரும் எழுதிக்கிட்டோம். இவ எழுந்து நிக்கறா. "சார், குடிச்சவனும் வீடு இருக்க பக்கந்தான் சார் சாய்வான்." வகுப்பே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சார் சிரிக்கல. இவளைப் பாத்து, "அதை நான் மூணாவது செமஸ்டர்ல நடத்தணும். உக்காரும்மா"ன்னாரு.

அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும். நான் கணக்குல கெட்டி. சின்ன வயசுலேர்ந்தே எங்க பள்ளிக்கூடத்துல நான்தான் மொத மார்க்கு. ஆனா நான் புத்தகத்துலேர்ந்து கத்துக்கிட்டத அவ அஞ்சு வயசுல அப்பா கூட மார்க்கெட்ல நின்னு பாத்திருக்கா. மழை வந்தா என்ன ஆகும், கேரளாவுல பண்டிகைன்னா என்ன ஆகும், ஒரு வியாபாரி கையைத் தூக்கலன்னா அடுத்தவன் என்ன பண்ணுவான். அதையெல்லாம் அவ சமன்பாடா எழுதுவா. இங்கிலீஷ்ல பேச வராது, அது ஒண்ணுதான் அவளுக்குக் கஷ்டம். அதை நான்தான் பாத்துக்கிட்டேன். அவ அறிக்கையெல்லாம் இங்கிலீஷ்ல திருத்திக் கொடுத்தது நான்தான். ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. அதையும் நீங்க கணக்குல எடுத்துக்கணும்.

எங்களுக்குள்ள ஒரு பழக்கம். ஒருத்தி எழுதினத இன்னொருத்தி பாக்கணும். நாம எழுதின தப்பு நம்ம கண்ணுக்குத் தெரியாதும்மா. அவ ப்ரோகிராம் எழுதி முடிச்சா என் கட்டில்ல வந்து உக்காந்துக்குவா. "ஏட்டி, பாத்துட்டியா?" நான் பாத்துட்டேன்னு சொன்னா, அந்த இடத்துலயே ஒரு குறிப்பு எழுதி வெச்சுக்குவா. ப்ரோகிராமுக்கு நடுவுல நமக்காக நாம குறிப்பு எழுதிக்கலாம், கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. 'சுபா பாத்துட்டா'ன்னு என் பேரைப் போட்டு எழுதுவா. அப்படி எழுதிட்டான்னா அப்புறம் அந்தப் பக்கமே திரும்ப மாட்டா. அவ்வளவு நம்பிக்கை.

கடைசி செமஸ்டர்ல ஒரு ப்ராஜக்ட். ஆளாளுக்கு ஒரு ப்ரோகிராம் எழுதி, பத்து வருஷத்துப் பழைய விலையில ஓட்டிக் காட்டணும். அந்தப் பத்து வருஷமும் இந்த ப்ரோகிராம் வியாபாரம் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு ஒரு கோடு வரும். மும்பையிலேர்ந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்து பாப்பாங்க. ஒரே ஒரு வேலை. ஒருத்தரைத்தான் எடுப்பாங்க.

பேச்சிக்கு அந்த வேலை ரொம்ப முக்கியம், அது எனக்குத் தெரியும். அவங்கப்பா படிக்க அனுப்பும்போதே பேசி வெச்சது. படிச்சு முடிக்கறதுக்குள்ள வேலை கிடைச்சா போகலாம், இல்லன்னா அத்தை மகன் காத்திருக்கான். அவ அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவா. எனக்கும்தான் முக்கியம். எங்க வீட்டுல யாரும் என்னை விரட்டல, அதுக்காக எனக்கு வேலை வேண்டாம்னு ஆயிடுமா?

அவ கோடு எப்படி வந்துச்சு தெரியுமா? ஏணிய சாத்தி வெச்ச மாதிரி நேரா மேல போச்சு. எங்க யாருக்கும் அப்படி வரல. என்னோடது ஏறும், இறங்கும், கடைசியில கொஞ்சம் மேல நிக்கும். அதுவும் நல்ல கோடுதான், சாரே சொன்னாரு. ஆனா இவளோடத பாக்கறதுக்குப் பக்கத்து டிபார்ட்மென்ட்லேர்ந்து வந்தாங்க. அவ வழக்கம்போல என் கட்டில்ல வந்து உக்காந்து, "ஏட்டி, பாத்துட்டியா"ன்னா. நான் பாத்துட்டேன், சரியா இருக்குன்னேன்.

அதுல ஒரு தப்பு இருந்துச்சு. ஒரே ஒரு வரி. உங்களுக்கு எப்படிச் சொல்றது. நீங்க காலையில மார்க்கெட்ல ஏலம் எடுக்கறீங்க. அன்னைக்குச் சாயங்காலம் மதுரையில என்ன விலைக்குப் போகும்னு காலையிலயே தெரிஞ்சா நீங்க தோப்பீங்களா? தோக்கவே மாட்டீங்க. அவ ப்ரோகிராமுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு. நேத்து சாயங்கால விலையப் பாத்துத்தான் இன்னைக்குக் காலையில முடிவெடுக்கணும். இவ ஒரு இடத்துல ஒரு நாள் பின்னாடி தள்ள மறந்துட்டா. அதனால இன்னைக்குச் சாயங்கால விலையப் பாத்து இன்னைக்குக் காலையில வாங்குது. அதான் கோடு அப்படி நேரா. ஒரு 'ஒண்ணு' சேத்தா சரியாயிடும். ஒரே ஒரு எழுத்து.

படிச்சுக் காட்டற நாள் வந்துச்சு. பெரிய ஹால். முன்வரிசையில மும்பைக்காரங்க மூணு பேரு. பேச்சி பச்சைப் புடவை கட்டியிருந்தா, நான்தான் மடிப்பு எடுத்துக் குத்தி விட்டேன். இங்கிலீஷ்ல நாலு வாரமா சொல்லிப் பழகி, அன்னைக்குத் தடுமாறாம பேசினா. கோட்டைக் காட்டினா. மும்பைக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. கேள்வி இருக்கான்னு சார் கேட்டாரு. நான் கையைத் தூக்கினேன்.

"பதினாறாவது பகுதியில எந்த நாள் விலைய எடுத்திருக்க?"

அவ்வளவுதாம்மா கேட்டேன். உண்மையைத்தான கேட்டேன்? படிப்புன்னா கேள்வி கேக்கணும், சாரே எப்பவும் சொல்லுவாரு.

பேச்சி ப்ரோகிராம திரையில போட்டா. பதினாறாவது பகுதிக்கு வந்தா. அங்க அந்தத் தப்பு வரிக்கு நேர் மேல, 'சுபா பாத்துட்டா'. எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, அவ அதை எழுதி வெச்சிருப்பாளேன்னு. இத்தனை பேரு பாக்கறாங்க, என் பேரு அங்க இருக்கு. நல்ல காலம், திரை கொஞ்சம் நகந்துச்சு, அந்த வரி மேல போய் மறைஞ்சிடுச்சு. யாரும் படிக்கல.

என்ன? அவளே நகத்தியிருப்பாளா? இல்லம்மா. அந்தப் பதட்டத்துல கை பட்டிருக்கும்.

அந்த வரியவே பாத்துக்கிட்டு நின்னா. ரொம்ப நேரமில்ல. அப்புறம் சாரைப் பாத்து, தமிழ்லயே, "தப்பா இருக்கு சார். இந்த முடிவு செல்லாது"ன்னு சொன்னா. அழல. கோட்டை அணைச்சா. தாளையெல்லாம் நேரா அடுக்கி எடுத்துக்கிட்டு இறங்கி வந்து, எம் பக்கத்துல காலியா இருந்த நாற்காலியிலயே உக்காந்தா. அதுக்கடுத்து நான் போய்ப் பேசினேன். அவ கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டா.

வெளிய வராந்தாவுல வந்து கேட்டா. "ஏட்டி, நீ பாத்தப்ப அது இருந்துச்சா?" நான் சொன்னேன், "கவனிக்கலடி. பரீட்சை நேரம், மேலோட்டமா பாத்தேன். அங்க உக்காந்திருந்தப்பத்தான் திடீர்னு தோணிச்சு." "சரி"ன்னா. அவ்வளவுதான், சரின்னு ஒரு வார்த்தை.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? புரியுது. திடீர்னு தோணினவளுக்குப் பதினாறாவது பகுதின்னு நம்பர் எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. அன்னைக்கு அந்த ஹால்ல இருந்த ஒருத்தரும் அதைக் கேக்கல. சாரும் கேக்கல. எலுமிச்சை மூட்டையோட வர்ற நீங்க கேக்கறீங்க.

சரி. தெரியும். அவ கொடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அன்னைக்கு மத்தியானமே தெரியும். லேப்ல உக்காந்திருந்தேன். படிச்சிக்கிட்டே வந்தேன், பதினாறுல கண்ணு நின்னுச்சு. சந்தோஷமா இருந்துச்சு, அதை மறைக்கல. கோடு பொய்யின்னு தெரிஞ்சதும் நெஞ்சுல இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு. உடனே அந்த 'ஒண்ண' நானே சேத்து, திருத்தி, ஓட்டிப் பாத்தேன். அவளோடது எவ்வளவு மோசமா போகுதுன்னு பாக்கணும்னு ஒரு ஆசை.

மோசமா போகல. ஏணி மாதிரி இல்ல, ஏறி இறங்கித்தான் வந்துச்சு. ஆனா என்னோடதுக்கு மேல வந்துச்சு. கொஞ்சமில்ல, நல்லாவே மேல. திருத்தினாலும் அவதான் மொதல். சேத்த 'ஒண்ண' மறுபடி எடுத்துட்டு, அந்தப் படத்தை அப்படியே மூடிட்டு ரூமுக்குப் போய், சரியா இருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் பதினோரு நாள் இருந்துச்சு. தினமும் சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். தினமும் அவ இங்கிலீஷுக்கு உக்காருவா, நான் திருத்துவேன்.

அந்தக் கம்பெனிக்காரங்க என்னை எடுத்தாங்க. கோட்டுக்காக இல்ல. கேட்ட கேள்விக்காக. அத்தனை பேரு மயங்கி உக்காந்திருக்கும்போது இந்தப் பொண்ணு கண்ணுக்கு மட்டும் தப்பு தெரிஞ்சுதேன்னு சொன்னாங்களாம். பேச்சிய ஒரு மாசத்துல திருத்திக் கொடுக்கச் சொன்னாரு சார். கொடுத்தா. நல்ல மார்க்கு. ஆனா அதுக்குள்ள கம்பெனிக்காரங்க போயாச்சு, வீட்டுல பேசி வெச்ச காலமும் முடிஞ்சுபோச்சு. பெட்டிய எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிட்டா. கல்யாணப் பத்திரிகை க்ளாஸ் முழுக்க எல்லாருக்கும் வந்துச்சு. எனக்கு வரல. தபால்ல தவறியிருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருஷம் ஆச்சு. ஏழு வருஷம் எனக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா தூங்கினேன், நல்லா சாப்பிட்டேன். அப்புறம் பெங்களூர்ல வேற கம்பெனி. அங்க எனக்கு வேலையே அடுத்தவங்க எழுதின ப்ரோகிராம்ல தப்பு கண்டுபிடிக்கறதுதான். நான் பாத்து, சரின்னு ஒரு பொத்தானை அமுக்கினாத்தான் அது நிஜச் சந்தைக்குப் போகும். ரெண்டு வருஷத்துக்கு முன்ன, ஒரு நாள் காலையில பதினோரு மணி. சுத்தி நாப்பது பேரு இருக்காங்க. கண்ணாடி ஜன்னல் வழியா வெயில் அடிக்குது. ஒரு ஃபைல பாத்து முடிச்சு பொத்தானுக்குக் கையைக் கொண்டு போறேன். என் நாற்காலிக்குப் பின்னால, "ஏட்டி, பாத்துட்டியா?"

திரும்பினேன். யாரும் இல்ல. பெங்களூர்ல அந்த ஆபீஸ்ல 'ஏட்டி'ன்னு கூப்பிட யாரு இருக்கா?

மறுபடி பாத்தேன். தப்பு இல்ல. கையைக் கொண்டு போனா மறுபடி அதே குரல். கோபமா கேக்காதும்மா. கோபமா கேட்டா பரவால்ல. கட்டில்ல உக்காந்து கேட்ட மாதிரியே, நம்பிக்கையா கேக்கும். கட்டில் அமுங்கற மாதிரி என் நாற்காலி ஒரு பக்கம் லேசா சாயும். டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை கொடுத்தாரு. தூக்கம் வந்துச்சு, குரல் போகல. செத்துப்போனவங்கதான் இப்படி வருவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அவ செத்துட்டாளோன்னு பயந்து, கூடப் படிச்ச ஒருத்திக்கு போன் போட்டுக் கேட்டேன். "அவளுக்கென்ன, ஊர்ல கணக்கு டீச்சரா இருக்கா"ன்னா. உயிரோட இருக்கறவ எங்கயாவது பேயா வருவாளா? நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

அதுக்கப்புறம் ஒரு ஃபைலுக்கும் சரின்னு சொல்ல முடியல. ஒம்பது தடவை, பத்து தடவை பாப்பேன். தெரேசான்னு ஒரு சின்னப் பொண்ணு எழுதினது ஒண்ணு, அதுல ஒரு பிழையும் கிடையாது, நாலு மாசம் எங்கிட்டயே கிடந்துச்சு. அவ வெறுத்துப் போய் வேலைய விட்டுட்டா. கெட்டிக்காரப் பொண்ணு, வேற இடத்துல கிடைச்சிருக்கும். போன மாசம் நானாத்தான் லீவு போட்டேன். போட்டுக்கோன்னு ஆபீஸ்லயும் சொன்னாங்க. எப்ப திரும்பி வரணும்னு இன்னும் சொல்லல.

அதான் கிளம்பினேன். நேர்ல பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டா போயிடும்னு தோணிச்சு.

வீடு கண்டுபிடிக்கறது கஷ்டமா இல்ல. கணக்கு டீச்சர்னு கேட்டதும் காட்டிட்டாங்க. மத்தியானம் பன்னெண்டு இருக்கும். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்ல. கதவைத் திறந்தவ என்னைப் பாத்து ஆச்சரியமே படல. "வா சுபா. வெயில்ல நிக்காத"ன்னா. கொஞ்சம் சதை போட்டிருக்கா. கண்ணாடி போட்டிருக்கா. வீடு சுத்தமா இருந்துச்சு. வீட்டுக்காரரு ஈ.பி.யில வேலையாம், வெளிய போயிருந்தாரு. நான் என்னவோ நினைச்சுக்கிட்டுப் போனேன், அவ ஒடிஞ்சு போயிருப்பான்னு. இல்ல. நல்லாத்தான் இருக்கா. எனக்கு ஒரு நிம்மதி.

சோறு, குழம்பு, அவரைக்காய் பொரியல். என்னைக் கேக்காமயே எடுத்து வெச்சா. நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அவளே ஆரம்பிப்பான்னு பாத்தேன். பஸ் எப்படி, பெங்களூர்ல குளிரான்னு கேட்டா. கடைசியில நானே ஆரம்பிச்சேன். "பேச்சி, அன்னைக்கு நான் சரியா..."

"சொல்லாத"ன்னா.

கரண்டிய கீழ வெச்சுட்டு எதிர்ல உக்காந்தா. "எதுக்கு வந்திருக்கன்னு வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. சொல்லாதட்டி. நீ சொன்னா நான் பரவால்லன்னு சொல்லணும். அதைக் கேட்டுட்டுப் போலாம்னுதான வந்திருக்க? எனக்குப் பரவால்ல இல்ல. ஒன்பது வருஷத்துல ஒரு நாளும் பரவால்லன்னு தோணல. பொய் சொல்ல எனக்கு வராது. அதனால நீயும் சொல்லாத. சாப்பிடு."

நான் சொன்னேன், "நீ நல்லாத்தான இருக்க பேச்சி." தப்பாவா கேட்டேன்? ஆறுதலாத்தான் கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கேன். நான் நல்லா இருக்கத வெச்சு நீ தப்பிச்சிக்கிடாத"ன்னா.

அப்புறம் ஒரு விஷயம் சொன்னா. அன்னைக்கு ஹால்லேர்ந்து வந்து வராந்தாவுல எங்கிட்ட கேட்டாளே, நான் சொன்னத அவ நம்பிட்டாளாம். ஒரு மாசம் நம்பியிருக்கா. ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் லேப் கம்ப்யூட்டர்ல தன்னோட ஃபைலையெல்லாம் எடுத்து வைக்கப் போயிருக்கா. அவ ஃபோல்டர்லயே அந்தப் படம் இருந்திருக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் திருத்தி ஓட்டின படம். தேதி, மணி எல்லாம் போட்டு. நான் மூடினேனே தவிர அழிக்கல. "அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்"னா. "நல்ல கோடு. என் கையால நான் வரையாத கோடு. நீதான் வரைஞ்சிருக்க." சொல்லும்போது குரல் மாறல. பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கற மாதிரி சொன்னா.

குரல் வருதே, என் நாற்காலிக்குப் பின்னால வந்து கேக்கறியேன்னு சொல்லலாமான்னு பாத்தேன். அவ முகத்தைப் பாத்து அதைச் சொல்ல முடியல. மோர் ஊத்தினா. குடிச்சேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் குடை பிடிச்சுக்கிட்டு கூட வந்தா. பஸ் வந்ததும், "ஏறு"ன்னா. மறுபடி வான்னு சொல்லல. நான் ஜன்னல் வழியா பாத்தேன், திரும்பிப் போயிக்கிட்டு இருந்தா. வேகமாகவும் போகல, மெதுவாகவும் போகல.

இப்பச் சொல்லுங்க. அவ செஞ்சது சரியா? வந்தவ ஒரு வார்த்தை பேசியிருந்தா அவளுக்கு என்ன குறைஞ்சிடும்? பேசியிருந்தா எனக்கு இறங்கியிருக்கும். இப்ப நான் இதை யார்கிட்ட கொண்டு போய்ச் சொல்ல? உங்ககிட்ட சொல்றேன், நீங்க இறங்கிப் போயிடுவீங்க.

ராஜபாளையம் வந்துடுச்சா? இருங்க, மூட்டைய நான் ஒரு பக்கம் பிடிக்கறேன். அவசரப்படாதீங்க, பஸ் நிக்கும்.

நீங்க ஒண்ணும் சொல்லலியே. சரி, வேண்டாம். ஆனா ஒண்ணு நீங்க கேக்கவே இல்லயேம்மா. 'அன்னைக்கு நான் சரியா'ன்னு ஆரம்பிச்சேனே, அவ நிறுத்திட்டாளே, அவ நிறுத்தாம இருந்தா மீதி என்னன்னு. "சரியா பாக்கலடி பேச்சி. பரீட்சை நேரம், அசட்டையா இருந்துட்டேன். மன்னிச்சிடு." இதைத்தாம்மா பெங்களூர்லேர்ந்து வழி முழுக்க மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்தேன்.